மேல்வீட்டுத் தண்ணீர்

முதலில் வந்தது சத்தம்தான். புதன்கிழமை காலை, சின்னவள் பல் தேய்த்து வாய் கொப்பளித்துத் துப்பியதும், குளியலறைத் தரையில் இருந்த சல்லடை மூடிக்கு அடியிலிருந்து யாரோ தொண்டையைச் செருமுவது போல 'களக்' என்று கேட்டது. அவள் குழாயை மூடிவிட்டுக் குனிந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை. இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றிக் குளித்ததும்தான் விஷயம் தெரிந்தது. ஊற்றிய தண்ணீர் போகவில்லை. போகாததோடு நிற்காமல், சல்லடையின் ஓட்டைகள் வழியாகக் கறுப்பாக, நாற்றத்தோடு, அவள் கணுக்கால் வரை ஏறி வந்து நின்றது.

வேறு ஒரு வாரமாக இருந்திருந்தால் அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போயிருப்பாள். ஆனால் சனிக்கிழமை அவள் கணவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, உள்ளே தகடு வைத்துத் தைத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. முந்தின நாள்தான் டாக்டர் அவளை அறைக்குக் கூப்பிட்டு, குளியலறைத் தரை காய்ந்து இருக்க வேண்டும், தையல் போட்ட இடத்தில் அழுக்குத் தண்ணீர் படவே கூடாது, இன்னொரு தடவை வழுக்கி விழுந்தால் தான் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று ஒவ்வொரு விரலாக மடக்கிச் சொல்லியிருந்தார். ஈரம், அழுக்கு, வழுக்கல் என்று அவர் மடக்கிய மூன்று விரலும் இப்போது அவள் கணுக்காலைச் சுற்றி நின்றுகொண்டிருந்தன.

அந்த வீட்டில் இருந்தது அண்ணன் தம்பி இரண்டு குடும்பம். மாடியில் மூத்தவர், கீழே இளையவர். மருமகளாக வந்த இருவருக்கும் சொந்தப் பெயர் எப்போதோ வழக்கொழிந்து, பெரியவள், சின்னவள் என்றே நிலைத்துவிட்டது. சின்னவளுக்கு நாற்பத்து நாலு வயது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி போட்டு ரத்தம் எடுக்கிற வேலை. பதினெட்டு வருஷமாகச் செய்கிறாள். நரம்பே தெரியாத கையிலும் ஒரே குத்தில் எடுத்துவிடுவாள் என்று பேர். எதையும் கண்ணால் பார்த்து, நேரம் குறித்து, சீட்டு ஒட்டி வைத்தால்தான் அவளுக்கு மனசு ஆறும். பெரியவளோ மாடியில் கேக் செய்து விற்கிறாள். பிறந்தநாள், கல்யாணநாள் என்று வாரத்துக்கு ஏழெட்டு ஆர்டர் வரும். பேச்சு குறைவு. அவள் பேசுவதைவிட அவள் மாவு அடிக்கும் மிஷின்தான் அதிகம் பேசும் என்று சின்னவளின் கணவர் சொல்வார்.

இந்தப் பன்னிரண்டு நாளும் ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு போனது மாடியிலிருந்துதான். சின்னவள் கேட்கவில்லை. பெரியவளும் கேட்டுக்கொண்டு அனுப்பவில்லை. காலையிலும் மாலையிலும் மாடிப்படியின் கடைசிப் படியில் டிபன் கேரியர் இருக்கும், அவ்வளவுதான். முதல் நாள் சின்னவளுக்குக் கண் கலங்கியது. நாலாம் நாள் கூச்சமாக இருந்தது. பத்தாம் நாள், அந்தக் கேரியரைப் பார்த்தாலே ஏனோ எரிச்சல் வந்தது. எரிச்சல் வருகிறதே என்று தன் மேலேயே இன்னொரு எரிச்சல். நன்றி சொல்லச் சந்தர்ப்பமே தராமல் ஒருவர் உதவிக்கொண்டே இருந்தால் அது முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்ளும் போலிருக்கிறது.

அவள் லீவு சொல்லிவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகினாள். ரப்பர் பம்பை எடுத்துச் சல்லடை மேல் வைத்து அமுக்கினாள். அமுக்க அமுக்கக் குமிழி வந்ததே தவிரத் தண்ணீர் இறங்கவில்லை. வெந்நீர் காய்ச்சி, சோடா உப்பைப் போட்டு ஊற்றினாள். நுரைத்தது. நுரை அடங்கியதும் பழையபடி நின்றது. அலமாரியில் இருந்த ஆசிட் பாட்டிலை எடுத்து ஊற்றியபோது கிளம்பிய நெடியில் கண்ணும் மூக்கும் பிழிந்தெடுத்தாற்போல் ஆகி, வாசல் வரை ஓடி வந்து நின்று இருமினாள். திரும்பிப் போய்ப் பார்த்தால் தண்ணீர் மெல்ல மெல்ல வற்றியிருந்தது. அப்பாடா என்று விளக்குமாறு போட்டுத் தேய்த்துக் கழுவி, பழந்துணியால் துடைத்து, தரை காயட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைத்தாள்.

பத்து மணி இருக்கும். அவள் எந்தக் குழாயையும் தொடவில்லை. கூடத்தில் உட்கார்ந்து கணவரின் மாத்திரைச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சமையலறைத் தொட்டியில் 'களக், களக்' என்றது. குளியலறையில் அதற்குப் பதில் சொல்வது போல இன்னொரு 'களக்'. ஓடிப்போய்ப் பார்த்தாள். துடைத்து வைத்த தரையில் கறுப்புத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அதன் மேலே சோப்பு நுரை. தலைக்கு மேலே, மாடியில், துணி துவைக்கும் மிஷின் தண்ணீரை வெளியே தள்ளும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

ஆக, தண்ணீர் மேலேயிருந்து வருகிறது. அவளுக்கு ஒரு நொடியில் ஆத்திரமும், அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு விதமான ஆறுதலும் வந்தது.

தெருமுனையில் குழாய்ச் சாமான் கடை. கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, நோயைக் கேட்கும் வைத்தியர் மாதிரிக் கேட்டார்: ஒரு இடத்தில் மட்டும் நிற்கிறதா, இரண்டு இடத்திலும் நிற்கிறதா? இரண்டிலும் என்றாள்.

“ஒரு எடத்துல மட்டும் நின்னா அடைப்பு அங்கயே இருக்குன்னு அர்த்தம். ரெண்டு எடத்துலயும் சேந்து நின்னா, அந்த ரெண்டு தண்ணியும் ஒண்ணா சேர்ற எடத்துக்குக் கீழ இருக்கு. ஆசிட்ட ஊத்தி ஊத்திக் கண்ணக் கெடுத்துக்காதீங்க. ஆள் வெச்சுத்தான் எடுக்கணும்.”

பொதுவாக எதனால் அடைக்கும் என்று கேட்டாள். முடி, துணி நூல், எல்லாவற்றையும்விடக் கொழுப்பு என்றார். எண்ணெயும் வெண்ணெயும் சூடாக இருக்கும்போது தண்ணீர் மாதிரி ஓடிவிடும், குழாய்க்குள் போய் ஆறினதும் மெழுகு மாதிரிப் பிடித்துக்கொள்ளும் என்றார். தனக்குத் தெரிந்த பிளம்பரின் எண்ணை எழுதிக் கொடுத்தார். பிளம்பர், வெள்ளிக்கிழமைக்கு முன்னால் முடியவே முடியாது என்று போனில் சொல்லிவிட்டார்.

வெண்ணெய் என்ற அந்த ஒரு சொல்லோடு சின்னவள் வீடு வந்து சேர்ந்தாள். கிலோ கிலோவாக வெண்ணெய் உருக்குகிற வீடு இந்தத் தெருவில் எது? சாயங்காலம் வரை அந்தச் சொல் அவளுக்குள் உருண்டுகொண்டே இருந்தது. உட்கார்ந்தால் எழுந்தாள், எழுந்தால் குளியலறையை எட்டிப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்க் கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதும் காது மட்டும் வீட்டிலேயே கிடந்தது. திரும்பி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடியேறினாள்.

மாடிக் கதவு திறந்திருந்தது. பெரியவளுக்கு எதிரே ஒரு வாடிக்கைக்காரம்மா உட்கார்ந்து, கேக் படங்கள் ஒட்டிய நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். கடைத்தெருவில் புத்தகக் கடை வைத்திருப்பவர். கடையின் ஆண்டு விழாவுக்குப் பெரிய ஆர்டர் கொடுக்க வந்திருந்தார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பேசியிருக்கலாம். சின்னவள் பொறுக்கவில்லை.

“அக்கா, நீங்க கழுவி விடற வெண்ணெயெல்லாம் என் வீட்டு பாத்ரூம்ல வந்து நிக்குது. சாக்கடை மாதிரி நாறுது. தையல் போட்ட ஆளை நான் எங்க கொண்டு வந்து வைக்கறது? மேல இருக்கறவங்களுக்குக் கீழ என்ன ஆச்சுன்னு தெரியவே தெரியாதா?”

பெரியவள் தங்கள் வீட்டில் தண்ணீர் நன்றாகத்தானே போகிறது என்று சொல்ல வாயெடுத்தாள். போகாதா பின்னே, போகிற தண்ணீர் எல்லாம் என் தலையில்தானே இறங்குகிறது என்று சின்னவள் குறுக்கே வெட்டினாள். புத்தகக் கடைக்காரம்மா நோட்டை மெல்ல மூடி, மடியிலிருந்து மேஜைக்கு மாற்றி வைத்தார். பெரியவள் அந்த நோட்டைப் பார்த்தாள். பிறகு சின்னவளைப் பார்த்து, “சரி” என்றாள்.

திட்டியிருந்தால் சின்னவள் கீழே வந்து நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். அந்தச் ‘சரி’ பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

வியாழக்கிழமை விடிந்தது. மாடிப்படியில் டிபன் கேரியர் இருந்தது. அதை எடுக்கும்போது கை சுட்டது. சூடு கேரியரில் இருந்ததா தன் கையிலேயே இருந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் கணவர் சாப்பிட்டுக்கொண்டே, அண்ணி இன்றைக்கு உப்பைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டுவிட்டார்கள் என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு, குளியலறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். பிளம்பர் வரும்போது ஆதாரம் வேண்டும். ஒன்பது மணி: இல்லை. ஒன்பதரை: இல்லை. பத்து: இல்லை. மாடியிலிருந்து மிஷின் சத்தமும் இல்லை, குழாய் திறக்கும் சத்தமும் இல்லை. தான் சொன்னது உறைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். நினைத்ததில் பெருமை வரவேண்டியது, வரவில்லை.

சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், கணவருக்குக் கட்டிலில் விரிக்க வேண்டிய விரிப்புகளைத் தன் மிஷினில் போட்டாள். பதினொன்று பத்துக்குக் 'களக்' என்றது. முக்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். தரையில் நுரையோடு தண்ணீர். பதினொன்று பத்து என்று கொட்டை எழுத்தில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள். ஆக, சரி என்று வாயால் சொல்லிவிட்டுச் சத்தம் வராமல் தண்ணீர் விடுகிறார்கள். கையும் களவுமாகப் பிடிப்பது என்று நோட்டோடு மாடியேறினாள்.

சமையலறையில் பெரியவள் தரையில் உட்கார்ந்து, மாவு கலக்கிய பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளால் வழித்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த தாள்கள் ஒரு பையில் குவிந்திருந்தன. பக்கத்தில் இரண்டு வாளி. பாத்திரம் கழுவிய தண்ணீர் ஒன்றில், கை கழுவிய தண்ணீர் இன்னொன்றில். சின்னவள் எட்டிக் குளியலறையைப் பார்த்தாள். தரை பொட்டு ஈரம் இல்லாமல் வறண்டு கிடந்தது. சல்லடை மூடியின் மேல் மடித்த கோணி ஒன்றைப் போட்டு, அதன் மேல் ஒரு செங்கல் வைத்திருந்தார்கள், யாரும் மறதியாகக்கூட ஊற்றிவிடாமல்.

அப்போது பின்பக்கப் படியில் மூச்சு வாங்கிக்கொண்டு மூத்தவர் ஏறி வந்தார். பஸ் டிப்போவில் நேரக் கண்காணிப்பாளர். சட்டை கசங்கினால் பஸ்ஸே தாமதமாகிவிடும் என்பது போல நடப்பவர். வேலைக்குப் போக உடுத்திய சலவைச் சட்டையோடு, ஒரு கையில் காலி வாளி. தம்பி மனைவியைப் பார்த்ததும் வாளியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

பெரியவள் நிமிராமலே பேசினாள்.

“நேத்து நீ போனதுலேருந்து ஒரு சொட்டு விடல. எல்லாம் பின்னால செடிக்குத்தான் போகுது. குளிக்கறதுக்கு எதிர் வீட்டுக்குப் போறோம். சனிக்கிழமைக்கு இருந்த மூணு ஆர்டரையும் வேணாம்னு சொல்லிட்டேன். இன்னும் என்ன செய்யணும்னு சொல்லு, செய்யறேன்.”

பதினொன்று பத்து என்று எழுதிய நோட்டைச் சின்னவள் மெல்ல மூடினாள். நேற்றுப் புத்தகக் கடைக்காரம்மா மூடிய மாதிரியே மூடுகிறோம் என்று அவளுக்கே தோன்றியது. படியிறங்கினாள். பாதிப் படியில், கீழே தன் வீட்டு மிஷின் கடகடவென்று சுற்றுவது காதில் விழுந்தது. பதினொன்று பத்துக்கு அது முதல் தண்ணீரை வெளியே தள்ளியிருக்கும்.

சந்தேகம் தீர வேண்டும் என்று ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிச் சமையலறைத் தொட்டியில் ஒரே மூச்சில் கவிழ்த்தாள். குளியலறைக்கு ஓடினாள். ஏறிக்கொண்டிருந்தது. பதினெட்டு வருஷம் ஊரார் ரத்தத்தைச் சோதித்தவள், தன் வீட்டுத் தண்ணீரைச் சோதிக்க மறந்துவிட்டாள். ஆனாலும் மனசு ஒரு கிளையைப் பிடித்துத் தொங்கியது: தண்ணீர் யாருடையதாகவும் இருக்கட்டும், அடைத்தது வெண்ணெய்தானே? குழாயை உடைத்தால் உள்ளே மெழுகு மாதிரி இருக்கும், அப்போது தெரியும். அன்று முழுக்க அந்த வெண்ணெய்க்காக, பிள்ளைக்கு மார்க் வரவேண்டுமே என்று தவிக்கும் தாய் மாதிரி, அவள் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்குப் பிளம்பர் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், தோளில் சுருட்டிய ஸ்பிரிங் கம்பி. வந்ததும் கம்பியை எடுப்பார் என்று பார்த்தால், எல்லாக் குழாயையும் மூடச் சொல்லிவிட்டு, ஒரு வாளித் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றச் சொல்லி, சுவரோரக் குழாயில் காதை வைத்துக் கேட்டார். பிறகு கேள்விகள். எப்போது ஆரம்பித்தது? திடீரென்றா, கொஞ்சம் கொஞ்சமாகவா? யோசித்துப் பார்த்தால் இரண்டு மூன்று மாதமாகவே தண்ணீர் சோம்பலாகத்தான் இறங்கியது என்று அவள் ஒப்புக்கொண்டாள். வீட்டில் சமீபத்தில் ஏதாவது கட்டட வேலை நடந்ததா? இல்லை என்றாள். பொய் சொல்லவில்லை, அவளுக்கு நிஜமாகவே நினைவில் இல்லை.

வீட்டுப் பக்கவாட்டுச் சந்தில் சேம்பர் எங்கே என்று தேடினார்கள். வீட்டுத் தண்ணீர் எல்லாம் விழுந்து, தெருச் சாக்கடைக்குப் போகிற தொட்டி அது. மூடி கண்ணுக்குத் தெரியவில்லை. அதன் மேல் மிச்சமான டைல்ஸ் அடுக்கி வைத்திருந்தது. இருவரும் சேர்ந்து அவற்றை இறக்கி, கடப்பாரையால் மூடியை நெம்பினார்கள். நாற்றத்துக்குத் தயாராக அவள் மூக்கைப் பொத்தினாள். உள்ளே தொட்டி காய்ந்து, அடியில் ஒரு கரப்பான் பூச்சி நடந்துகொண்டிருந்தது.

“நல்லதாப் போச்சு” என்றார் பிளம்பர். “இது நெறஞ்சிருந்தா அடைப்பு தெருப்பக்கம். காஞ்சு கெடந்தா வீட்டுக்கும் இதுக்கும் நடுவுல. எட்டு பத்து அடிக்குள்ள பிடிச்சிடலாம்.”

சேம்பரிலிருந்து வீட்டை நோக்கிக் கம்பியை விட்டார். எட்டு அடி போய் நின்றது. முறுக்கினார், தள்ளினார். 'டக், டக்' என்றது. அவர் முகம் மாறியது. சின்னவள், வெண்ணெயா என்று கேட்டாள்.

“வெண்ணெயா? கொழுப்புன்னா கம்பி புதையுங்க, எடுத்தா வழவழன்னு ஒட்டிட்டு வரும். இது தட்டுது. கல்லு மாதிரி ஏதோ உக்காந்திருக்கு. தோண்டித்தான் பாக்கணும்.”

சந்தில் தோண்டினார். முழங்கையாழத்தில் குழாய் தெரிந்தது. இரண்டு வீட்டுக் குழாயும் சேர்ந்து வளைகிற இடம். அந்த வளைவை வாளால் அறுத்து வெளியே எடுத்து, பள்ளத்தின் ஓரத்தில் வைத்தார். அறுத்த வாய் வழியாக மூன்று நாள் தண்ணீர் பள்ளத்தில் கொட்டியது. அது வடிந்த பிறகு வளைவை எடுத்து, உளியால் தட்டிப் பிளந்தார். உள்ளே, குழாயின் அடிப்பாதியை நிரப்பிக்கொண்டு, தேய்ந்த நிலா வடிவத்தில் கெட்டியான சிமெண்ட். மேலே மிஞ்சிய சின்ன வழியைத் தலைமுடியும் துணி நூலும் திரித்த கயிறு மாதிரி அடைத்துக்கொண்டிருந்தன. பிளம்பர் அதைத் தண்ணீரில் அலசி அவளிடம் நீட்டினார். வெறும் சாம்பல் நிறம் இல்லை. லேசாக நீலம் ஓடிய வெள்ளை.

அந்த நிறத்தை அவளுக்குத் தெரியும். போன வருஷம் சமையலறைக்குப் புதிதாக டைல்ஸ் ஒட்டியபோது, இடுக்குகளை அடைக்க வெள்ளைச் சிமெண்டில் கொஞ்சம் நீலம் கலக்கச் சொல்லிக் கடையில் நின்று பொறுக்கி எடுத்தவள் அவளேதான். வேலை நாலு நாள் நடந்தது. முதல் நாளே டைல்ஸ்காரர், சட்டியையும் கரண்டியையும் எங்கே கழுவட்டும் என்று கேட்டார். அவள் கைப்பையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பாத்ரூமிலேயே கழுவி விட்டுவிட்டுப் போங்கள் என்று சொன்னது இப்போது எழுத்துக்கு எழுத்து ஞாபகம் வந்தது. தோட்டத்தில் கழுவுகிறேனே என்று அவர் இழுத்ததும், செடி கெட்டுவிடும் என்று தான் மறுத்ததும்கூட ஞாபகம் வந்தது.

மாடி ஜன்னலிலிருந்து மூத்தவர் தலையை நீட்டி, என்ன இருந்தது என்று கேட்டார்.

“குப்பை” என்று சின்னவள் அண்ணாந்து சொன்னாள். அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். பிளம்பர் அவளை ஒரு தரம் பார்த்தார். பிறகு தன் வேலையைப் பார்த்தார்.

மதியத்துக்குள் புது வளைவு பொருத்தியாயிற்று. அடுத்த முறை தோண்ட வேண்டாதபடி, திறந்து பார்க்க ஒரு மூடி வைத்த குழாயையும் செங்குத்தாக நிறுத்தினார். சல்லடைக்கு அடியில் சிக்கிக் கிடந்ததை வழித்தெடுத்தார். வாளி வாளியாக ஊற்றிப் பார்த்தார்கள். தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது, சத்தமே இல்லை. இனிமேல் ஆசிட் வேண்டாம், மாதம் ஒரு தடவை சல்லடையைத் தூக்கி முடியை எடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டு, பிளம்பர் கம்பியைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு போனார்.

எல்லாம் சரியாகிவிட்டது. அவளுக்குத்தான் உட்கார முடியவில்லை. தரையைத் தேய்த்தாள். தேய்த்த தரையை மறுபடி தேய்த்தாள். யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு நேரம் தோன்றியது. குப்பை என்று சொன்னதும் முழுப் பொய் இல்லையே, முடியும் நூலும் இருக்கத்தானே செய்தன? அடுத்த நேரம், முதுகுக்குப் பின்னால் வாளியை மறைத்த மூத்தவரின் சலவைச் சட்டை கண் முன் வந்தது. மூன்று மணிக்கு, அந்தச் சிமெண்ட் கட்டியைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு மாடியேறினாள்.

பெரியவள் கட்டியை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். சின்னவள் சொல்லச் சொல்லக் குறுக்கிடாமல் கேட்டாள். டைல்ஸ், சட்டி, பாத்ரூமிலேயே கழுவுங்கள் என்றது, இன்று குப்பை என்று சொன்னது, எல்லாம். மன்னித்துவிடுங்கள் அக்கா என்று சின்னவள் முடித்தபோது பெரியவள் கட்டியை மேஜை மேல் வைத்தாள்.

“தப்பு எல்லாருக்கும்தான் வரும். தனியா கூப்பிட்டுக் கேட்டிருந்தா எனக்கு ஒண்ணுமில்ல. நீ அந்தம்மா முன்னாடி சொன்ன. என் கை அழுக்குன்னு சொன்ன மாதிரி ஆயிடுச்சு. அவங்க அப்புறம் ஆர்டரும் குடுக்கல, போனும் எடுக்கல. இருபது வருஷமா இந்தக் கையாலதான் செய்யறேன்.”

குரல் உயரவில்லை. ஆனால் சொல்லும்போது தன் இரண்டு கையையும் ஒரு கணம் பார்த்துக்கொண்டாள். சின்னவளுக்குச் சுருக்கென்றது. பதினெட்டு வருஷமாகத் தானும் கையால் பிழைப்பவள்தான். ஒரு நோயாளி முன்னால் யாராவது இவள் ஊசி அழுக்கு என்று சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்?

அவள் கட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு இறங்கினாள். வீட்டுக்குள் போகவில்லை. நேரே கடைத்தெருவுக்கு நடந்தாள்.

புத்தகக் கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். கடைக்காரம்மா அவளை உடனே அடையாளம் கண்டுகொண்டு, அன்று சாக்கடை என்றவள் இன்று எதற்கு வந்திருக்கிறாள் என்பது போலப் பார்த்தார். கூட்டம் குறையட்டும் என்று நிற்க அவள் கால் விரும்பியது. அடுத்தவர் முன்னால் சொன்னதை அடுத்தவர் முன்னால்தான் திரும்ப எடுக்க வேண்டும் என்று அவள் முன்னால் போய் நின்றாள். காகிதத்தைப் பிரித்துக் கட்டியை மேஜை மேல் வைத்தாள்.

“அன்னைக்கு நான் சொன்னது தப்புங்க. அடைச்சது வெண்ணெய் இல்ல, இதுதான். என் வீட்டு சிமெண்ட், நான்தான் ஊத்தச் சொன்னேன். எங்கக்கா சமையல்கட்டு நான் வேலை பாக்கற லேப்பைவிட சுத்தமா இருக்கும். நீங்க வேற எங்கயும் ஆர்டர் குடுத்துட வேணாம்.”

புத்தகம் புரட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சின்னவளுக்குக் காது மடல் கொதித்தது. கடைக்காரம்மா கட்டியைத் தொடாமல் குனிந்து பார்த்தார். தான் சந்தேகப்பட்டது உண்மைதான், வேறு இடத்தில் விசாரித்ததும் உண்மைதான் என்று மறைக்காமல் சொன்னார். பிறகு, ஆண்டு விழா அடுத்த வியாழக்கிழமை, அதற்குள் முடியுமா என்று கேட்டார். அது அக்காவைத்தான் கேட்க வேண்டும் என்றாள் சின்னவள். கடைக்காரம்மா அங்கேயே போனை எடுத்தார். மறுமுனையில் பெரியவள் என்ன சொன்னாள் என்று சின்னவளுக்குக் கேட்கவில்லை. அவள் அதற்குள் தெருவுக்கு வந்துவிட்டாள். கட்டியை மேஜையிலேயே விட்டுவிட்டு வந்தது பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது. திரும்பிப் போகத் தெம்பில்லை.

சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கணவரைக் காரில் கொண்டு வந்தார்கள். மூத்தவர் ஒரு பக்கம், சின்னவள் ஒரு பக்கம் தாங்கி, அங்குலம் அங்குலமாகக் கூடத்துக்குக் கூட்டி வந்தார்கள். பெரியவள் அதற்கு முன்பே கீழே வந்திருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் குளியலறைத் தரை முழுவதையும் ஒரு நடை நடந்து பார்த்தாள். மூலையில் நின்று பாதத்தைத் தேய்த்துப் பார்த்தாள். பிறகு மாடிக்குப் போய்த் தன் வீட்டு ரப்பர் விரிப்பைக் கொண்டு வந்து, கணவருக்காக அங்கே போட்டிருந்த கழிப்பறை நாற்காலிக்கு முன்னால் விரித்துவிட்டுப் போனாள்.

அரை மணி நேரம் கழித்துக் கணவர் உள்ளே போக வேண்டும் என்றார். சின்னவள் அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு வெளியே நின்றாள். அப்போது மாடி ஜன்னலிலிருந்து பெரியவளின் குரல் கேட்டது.

“மிஷினைப் போடப்போறேன். தண்ணி வருதான்னு பாரு.”

சின்னவள் கதவை மறுபடி திறந்து, கணவரின் காலைத் தாண்டிக் குனிந்து, சல்லடையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மேலே மிஷின் தண்ணீரைத் தள்ளும் சத்தம் கேட்டது. சுவருக்குள் தண்ணீர் இறங்கும் சலசலப்பு மட்டும் வந்து, கடந்து போயிற்று.

“வருதா?”

“வரலக்கா.”

“நல்லா பாரு. சிங்க்கையும் சேத்துத் திறந்து விடறேன்.”

சிங்க்குத் தண்ணீரின் சலசலப்பும் சுவருக்குள் வந்து, கடந்து போயிற்று. சின்னவள் இன்னும் நிமிரவில்லை. பெரியவளுக்கும் திருப்தி ஆகவில்லை. வாளித் தண்ணீரையும் ஊற்றுகிறேன் என்றாள். அது இறங்கி முடிந்ததும் மறுபடி வருதா என்றாள். வரவில்லை என்று சின்னவள் மறுபடி சொன்னாள். மேலே குழாயை இறுக்கி மூடும் சத்தம் கேட்டது.

“வியாழக்கிழமைக்கு எனக்கு ஒத்தாசைக்கு ஒரு ஆள் வேணும்” என்றாள் பெரியவள். “லீவு போட முடியுமான்னு பாரு.”

பார்க்கிறேன் என்று சின்னவள் ஜன்னலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, நாற்காலியில் உட்கார்ந்திருந்த கணவர், பதினைந்து நாள் ஆஸ்பத்திரியில்கூடத் தன்னை இந்த வேலையில் இப்படிச் சுற்றி நின்று யாரும் பார்க்கவில்லை என்றும், இரண்டு பேரும் தயவுசெய்து கதவைச் சாத்திக்கொண்டு பேசும்படியும் கேட்டுக்கொண்டார்.